காக்கை அப்பவே சொன்னது

கிணற்றடிக் கருவேல மரத்தில் ஒரு தூக்கணாங்குருவி முதல்முறையாகக் கூடு கட்டியது. பாதி முடிந்தபோது கிளை முறிந்து கூடு கீழே விழுந்தது. பக்கத்துக் கிளையில் குடியிருந்த காக்கை, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றது.

அது எப்போது சொன்னது என்று குருவிக்கு நினைவில்லை. மறுபடி புல் கிழித்து வந்து வேறு கிளையில் கட்டியது. அதைக் காற்று பிய்த்துக்கொண்டு போனது. "நான் அப்பவே சொன்னேன்" என்றது காக்கை. கூடு போனதைவிட அந்தப் பேச்சைத்தான் குருவியால் பொறுக்க முடியவில்லை.

மழைக்காலம் நெருங்கிவிட்டது. அதன் துணையான பெண்குருவி முட்டையிட இடமில்லாமல் தவித்தது. குருவி நேராகக் காக்கையிடம் போனது.

"அண்ணே, இந்தத் தடவை முன்னாலயே சொல்லிடுங்க. எங்கே கட்டினா நிக்கும்?"

காக்கை அலகைக் கிளையில் தேய்த்தது. "அதை நான் எப்படிப்பா சொல்றது? கட்டிப் பாரு, தெரியும்."

குருவிக்கு மனசு லேசாகிவிட்டது. கிணற்றுக்கு மேல் தொங்கிய பனையோலை நுனியைத் தானே தேர்ந்தெடுத்தது. காற்று தூக்காமலிருக்க உள்ளே ஈரமண்ணை அப்பியது. யார் பேச்சுக்கும் காது கொடுக்காமல் ஒன்பது நாள் பின்னியது.

பத்தாம் நாள் பெருமழை அடித்தது. கூடு ஊஞ்சலாய் ஆடியதே தவிர, ஒரு நார்கூட அவிழவில்லை. உள்ளே பெண்குருவி முதல் முட்டையை இட்டது.

மழை விட்டதும் குருவி ஓலைமேல் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தது. நனைந்துபோன காக்கை எதிரே வந்து கூட்டையே பார்த்தது. அலகைத் திறந்தது, மூடிக்கொண்டது.

"ஏதாவது சொன்னீங்களா அண்ணே?" என்று கேட்டது குருவி.

"இல்லப்பா, ஒண்ணும் சொல்லலையே" என்றது காக்கை.