கட்டிலோரப் பாடகர்

கிறீச்! புதுப்பெண்ணாக மங்கையர்க்கரசி மாடிப் படுக்கையறையில் வைத்த முதலடிக்கு எழுந்த அந்தச் சத்தம், கட்டிலோரத் தரைப்பலகைக்கு இன்னும் நினைவிருந்தது. அன்று முதல் அது தன்னைப் பாடகராகவே எண்ணிக்கொண்டது.

இன்று தச்சர் பழைய பலகைகளைப் பெயர்த்துவிட்டுப் புதியவை பதிக்க வந்திருந்தார்.

"என் பாட்டில்லாம அந்தம்மாவுக்குத் தூக்கமே வராது தம்பி. உனக்குப் பாட வருமா?" என்று பக்கத்திலிருந்த புதுப்பலகையைக் கேட்டது அது.

"வராதுங்க பெரியவரே. என்மேல இன்னொரு தரை போடுவாங்களாம். சும்மா தாங்கினாப் போதுமாம்" என்றது புதுப்பலகை.

பழசு ஏளனமாகச் சிரிப்பதற்குள் தச்சர் அதன் ஆணியைப் பிடுங்கினார்.

"அண்ணே, பாடினது நீங்க இல்ல. லொடலொடன்னு ஆடின நான்தான்" என்றது ஆணி.

"அடப்பாவி! இத்தனை வருஷமும் உன் தொண்டையிலயா கச்சேரி பண்ணினேன்?" பலகைக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது.

மங்கையர்க்கரசி இப்போது நன்றாகத் தூங்குகிறாள். பலகையைக் கோழிக்கூட்டு வாசலில் சாய்த்திருக்கிறார்கள். கோழிகள் ஏறி இறங்குகின்றன, சத்தமே வருவதில்லை.