ஞாயிறு பத்து நாற்பது

எங்கள் டோங்காவில் ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தால் உரிமம் போய்விடும். நான் திறந்ததே இல்லை. ஆனால் என் டேப்லெட்டில் இருக்கும் கணக்கு மென்பொருளில் ஐந்து வாரமாக ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து நாற்பதுக்கு ஒரு விற்பனை பதிவாகியிருந்தது. டின் மாட்டிறைச்சி ஒன்று, விலை எட்டு பாங்கா.

ஊர் அதிகாரி வைனிகோலோ அதைப் பார்த்துவிட்டார்.

"கர்த்தரோட நாள்ல கள்ள வியாபாரமா, அனாசேனி? சர்ச்சுல மட்டும் வாய் கிழியப் பாடுற!"

"பாடிக்கிட்டே எப்படிய்யா விக்கிறது? இந்தாங்க டேப்லெட்டு, இந்தாங்க சாவி. நீங்களே பூட்டிட்டுப் போங்க."

சனிக்கிழமை சாயங்காலம் அவரே பூட்டினார். பூட்டின் மேல் தாள் ஒட்டிக் கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் ஆராதனையில் அவர் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். நான் எதிரே, பாடகர் குழுவில். மூன்றாம் பாட்டின் நடுவே, சரியாகப் பத்து நாற்பதுக்கு, விற்பனை பதிவானதாக அது 'டிங்' என்றது. அவருடைய இரண்டு கைகளும் அந்தரத்தில் நின்றன. நான் குரலை இன்னும் உயர்த்தினேன்.

முடிந்ததும் ஊரே கடைக்கு வந்தது. ஒட்டிய தாள் கிழியவில்லை. உள்ளே ஒரு டின் குறைந்திருந்தது. கல்லாவில் எட்டு பாங்கா, கடல்நீர் சொட்டச் சொட்ட.

"இப்ப வித்தது யாருன்னு சொல்லுங்களேன்!"

"மன்னிச்சிரும்மா," என்றார், எல்லார் முன்னாலும்.

அடுத்த சனிக்கிழமை பூட்டுமுன் கல்லாப் பக்கத்தில் உலர்ந்த துண்டு ஒன்றை மடித்து வைத்தேன். திங்களன்று துண்டு ஈரமாக இருந்தது. மடிப்பு என்னுடையதைவிட நேர்த்தி.