நேர்ந்துவிட்ட தாடி

தண்ணீர் தலையில் விழுந்ததும் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பழனி அடிவாரம். மொட்டை போடும் கொட்டகை. எதிரே உட்கார்ந்திருந்த நாவிதர் கத்தியில் புது பிளேடு மாட்டினார்.

"என்ன வேண்டுதல் சாமி?"

சும்மா கேட்டதுதான். அவர் வேட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

பதில் பின்னால் நின்ற மனைவி வனஜாவிடமிருந்து வந்தது. எப்போதுமே அங்கிருந்துதான் வரும்.

"மகளுக்காகங்க. நாலு வருசம் கழிச்சு இப்பத்தான் அஞ்சாம் மாசம். தையிலருந்து மனுசன் மூஞ்சியில கத்தியே படவிடலையே."

பக்கத்தில் மொட்டைக்குக் குனிந்திருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். இப்படியும் ஒரு அப்பா.

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

விஷயம் இதுதான்.

அந்தத் தாடி மகளுக்காக வளர்ந்ததே இல்லை.

போன தை மாதம். கூடைப்பந்து லீக்கின் இறுதிப்போட்டி. வைகை வேங்கைகள் ஒரு புள்ளி பின்னால். கடைசி நொடியில் இரண்டு ஃப்ரீ த்ரோ. கேப்டன் இரண்டையும் வளையத்தில் மோதி வெளியே விட்டான். டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்துபோய், ஷேவிங் செட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டார்.

முருகா, அடுத்த சீசன் கோப்பை நம்ம பசங்களுக்கு. முடி, தாடி, மீசை, மூணும் உனக்கு.

வயது ஐம்பத்தாறு. அலுவலகத்தில் கண்காணிப்பாளர். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சொல்ல வேண்டியே வரவில்லை. தாடி அரை விரல் வளர்ந்ததும் எதிர்வீட்டு நாகஜோதி காம்பவுண்டுச் சுவரில் மோவாயை வைத்துவிட்டாள். இந்த மாதிரிக் காரியங்களுக்குத்தான் அந்தச் சுவரே.

"அண்ணனுக்கு என்னக்கா, வேண்டுதலா?"

வனஜா ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவளே கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்த கையோடு அழுதும்விட்டாள்.

அழுகிறவளிடம் போய், இல்லம்மா, இது பாஸ்கட்பாலுக்கு என்றா சொல்ல முடியும்?

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றிருந்தார். நாளைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் அவருக்கு மட்டும் டம்ளரை நன்றாகக் கழுவிக் கொடுத்தார்கள். அந்த வாரமே மகளின் மாமியார் போன் செய்தாள். வயிறு திறக்கவில்லை என்று நாலு வருடமாக மருமகளை வறுத்தெடுத்தவள். "சம்பந்திக்குப் பெரிய மனசு," என்றாளாம். அதற்குப்பிறகு மகளைக் குத்திப் பேசுவதையும் குறைத்துக்கொண்டாளாம்.

இனி எங்கே வாயைத் திறப்பது?

தாடி நெஞ்சுக்கு இறங்கியது. மரியாதை அதைவிட வேகமாக வளர்ந்தது. அவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, வேங்கைகள் புதிதாக எடுத்திருந்த பஞ்சாபிப் பையனின் வீடியோக்களைச் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தார். ஏழடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. லேசாக எம்பினாலே கை வளையத்துக்கு மேலே போய்விடுகிறது. கோச்சை மாற்றியாயிற்று. கேப்டனின் முழங்காலும் சரியாகிவிட்டது.

இந்த வருடம் கோப்பை வேறெங்கேயும் போகாது.

வரும் சனிக்கிழமை முதல் ஆட்டம்.

மகளோ முந்திக்கொண்டு உண்டாகிவிட்டாள். வேண்டுதல் பலித்துவிட்டதென்று வனஜா கார் பிடித்துவிட்டாள்.

ஆட்டம் தொடங்கும் முன்பே முடியைக் கொடுத்துவிட்டால், அப்புறம் முருகனுக்கு வேங்கைகள்மேல் என்ன அக்கறை இருக்கும்?

அவர் புத்தி இப்படித்தான் ஓடியது. காரில் வரும்போது. பக்கத்தில் மகள் வயிற்றில் கைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது.

அவளுக்காக ஒரு தடவைகூட வேண்டிக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பஞ்சாபிப் பையனின் கணுக்காலுக்காக வேண்டியிருந்தார்.

கத்தி இறங்கியது. முடி மடியில் விழுந்தது. பிறகு தாடி, கொத்துக் கொத்தாக.

மகள் தாமரைச்செல்வி துண்டோடு அருகில் வந்து நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தார். லேசாக வீங்கியிருந்தன. ஒரு காலத்தில் பெரியகுளம் கூடைப்பந்து மைதானத்தில் அவர் தோளின் இரண்டு பக்கமும் தொங்கிய கால்கள். நம்ம ஆள் பந்தைப் போட்டுவிட்டால் குதிகாலாலேயே அவர் நெஞ்சில் உதைப்பாள்.

"மீசை?" என்றார் நாவிதர்.

"எல்லாத்தையும் வழிச்சிருங்க," என்றாள் வனஜா. "சாமிக்கு பாக்கி வைக்கக் கூடாது."

அவர் கை மேலுதட்டுக்குப் போனது. தானாகத்தான் போனது. வெட்கங்கெட்ட கை. பாதியிலேயே இறக்கிக்கொண்டார்.

கத்தி கிட்டே வந்தது.

"மீசை இருக்கட்டும்ண்ணே," என்றாள் மகள்.

"ஏண்டி?"

"மீசை இல்லாட்டி அப்பாவப் பாக்கச் சகிக்காது. நீ போயி சந்தனம் வாங்கிட்டு வாம்மா."

வனஜா முணுமுணுத்துக்கொண்டே போனாள். நாவிதர் அடுத்த தலைக்குத் திரும்பினார்.

மகள் வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவர் காதோரம் ஒட்டியிருந்த முடியைத் துண்டால் துடைத்தாள்.

"பைனல் எப்பப்பா?"

அவர் நிமிரவில்லை.

"தை கடைசி," என்றார், தரையில் கிடந்த தாடியிடம்.