யேசடியான் தைத்த சோலைப்பாடி

யேசடியான் தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்தான். "காயட்டும், நாளைக்குக் குடுத்துடலாம்" என்று சோலைப்பாடியை மாடத்தில் வைத்தான். கறுத்த தலை, செந்நிற வயிறு, நீண்ட வால். ஜவ்வாது மலையில் வெள்ளைக்காரத் துரை சுட்ட பாட்டுக் குருவி. ஆம்பூர்த் தோல் கிடங்கில் வேலை பார்த்த அவனிடம் பஞ்சடைத்துப் பாடம் பண்ணக் கொடுத்திருந்தார்.

விடிந்ததும் அவனுக்கு வாந்திபேதி கண்டது. பொழுது சாயுமுன் அடக்கம் செய்துவிட்டார்கள். துரையும் லீவில் சீமைக்குப் போய்விட்டார்.

ஆவணியில் குருவியின் வால் இறகுகள் உதிர்ந்தன. பூச்சி அரித்திருக்கும் என்று அவன் மனைவி அருளம்மாள் நினைத்தாள். ஐப்பசியில் அதே நீளத்துக்குப் புது இறகுகள் வந்திருந்தன. மறு வருஷமும் அப்படியே.

மூன்றாம் வருஷம் துரை சீமையிலிருந்து திரும்பினார். ஆவணிக் கடைசியில் அவருடைய பட்லர் வந்தார்.

"குருவியக் குடும்மா. துரை பொருளு."

"துரை சுட்டது செத்துப்போச்சு. இது எங்கூட்டுக்காரர் தச்சது. இறகு வளருது, பாருங்க."

"பஞ்சடைச்ச குருவிக்கா? இன்னா, பேஜார் பண்றியா? போலீஸ் வரும்."

"வரட்டும். அவங்களும் பாக்கட்டும்."

பட்லர் குருவியின் வாலைப் பிடித்துத் தூக்கினார். முளைத்துக்கொண்டிருந்த இறகு ஒன்று ஒடிந்தது. அவர் விரலில் ரத்தம் வழிந்தது. அவருக்குக் காயம் எதுவும் இல்லை.

"துரையையே வரச் சொல்லுங்க" என்றாள் அருளம்மாள்.

பட்லர் குருவியை மாடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். அதன்பின் யாரும் வரவில்லை. வருஷா வருஷம் இறகு மாறுகிறது. கண் இருந்த குழிகளில் மட்டும் இன்றும் யேசடியான் வைத்த பஞ்சுதான்.