‘வாயு’ என்று எழுதியவர்

“இந்த ஒரு வார்த்தை போதும் சார். அந்த ஆஸ்பத்திரியை உண்டு இல்லைன்னு பண்ணிடலாம்!”

வக்கீல் நீட்டிய காகிதத்தை டிரைவர் வாங்கினார். அன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனபோது அவசரப் பிரிவில் நிரப்பிய படிவத்தின் நகல். ‘என்ன தொந்தரவு?’ என்ற இடத்தில் ‘வாயு’ என்று எழுதியிருந்தது. அதை நம்பித்தான் டாக்டர் ஈ.சி.ஜி.கூட எடுக்காமல், ஒரு மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். மறுநாள் பாதி இதயம் செத்துப்போனது. இனி பஸ் ஓட்ட முடியாது. நஷ்டஈடு வந்தால் சின்னதாக ஒரு கடை வைக்கலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் கனவு கண்டுகொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து அவருக்கு எல்லாமே பஞ்சுக்குள்ளிருந்து கேட்பது மாதிரிதான். ஜன்னல் திரை மெல்ல உப்பி அடங்கியது. வெயிலில் தூசி மிதந்தது. அவர் அந்த ‘யு’வையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டத்துக்கு இருப்பதுபோல் அதற்கு நீண்ட வால்.

“நர்ஸ், ‘நான் எழுதலை’ன்னு சாதிக்கிறா. கையெழுத்து நிபுணரைக் கூப்பிட்டா குட்டு உடைஞ்சிடும்” என்றார் வக்கீல்.

“விடாதீங்க சார்! எழுதின கை விளங்குமா?” மனைவி பொங்கினாள். “இவர் கிடந்த கிடப்பைப் பார்த்து எனக்குக் கண்ணே இருட்டிடுச்சு. அங்கே என்ன நடந்துச்சுன்னே ஞாபகம் இல்லை. குடுங்க, நானும் பார்க்கறேன்.”

“அப்படியெல்லாம் சொல்லாதே” என்றார் டிரைவர். அவருக்கு நினைவிருந்ததும் கொஞ்சம்தான். தலைக்கு மேல் ஒவ்வொன்றாக நழுவிப்போன விளக்குகள். தன் கையை இறுகப் பற்றியிருந்த அவள் கை.

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“கேஸ் வேண்டாம் சார். எழுதினது நான்தான்.”

“என்னது! எதுவும் சரியா ஞாபகம் இல்லைன்னுல்ல சொன்னீங்க?”

“இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.”

வக்கீல் பேனாவை மூடினார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

“செய்யக்கூடிய ஆள்தான்! எது வந்தாலும் வாயு, வாயு. பஸ் பஞ்சரானாக்கூட வாயுத் தொல்லைன்னுதான் சொல்வீங்க!”

வீடு வரும்வரை திட்டித் தீர்த்தாள். அவருக்கு அது தூரத்து மழைபோல் இதமாக இருந்தது.

அவள் அடுப்படிக்குள் போனதும் அலமாரியைத் திறந்தார். கல்யாணத்துக்கு முன் அவள் எழுதிய முதல் கடிதம் அடியில் இருந்தது. ‘ஆயுளுக்கும் உங்களோடுதான்’ என்ற வரியில், ‘யு’வுக்கு அதே நீண்ட வால்.