இறங்கிய மார்க்

"எட்டு வாரமா ஏறிக்கிட்டே வந்த கிறிஸ்டியோட மார்க், இந்த வாரம் இறங்கிடுச்சே சார்," என்றார் ஞாபகப் பயிற்சியாளர் யூனிஸ்.

தயாளன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் கிறிஸ்டியைத் திரும்பிப் பார்த்தார். ரத்தப் புற்றுநோய் குணமான பிறகு, அவளுக்கு ஞாபகசக்தி குறைந்திருந்தது. அதற்காகத்தான் தாம்பரம் வீட்டில் அப்பாவும் மகளும் தினமும் கம்ப்யூட்டரில் ஞாபக விளையாட்டில் போட்டி போட்டார்கள்.

"நீங்க அவளுக்கு விட்டுக்கொடுத்து ஆடறீங்களா?"

"ஆமா மேடம்," என்றார் தயாளன் பெருந்தன்மையாக. பல்லாவரத்தில் கணக்கு வாத்தியார், வேறென்ன சொல்வார்?

"இனிமே நிஜமா ஆடுங்க. அப்பதான் அவளும் முயற்சி பண்ணுவா."

கிறிஸ்டி நெளிந்தாள். "மேடம், அப்பா நிஜமாத்தான் ஆடறாரு. தினமும் தோத்துக்கிட்டே இருந்தாரு. போன வாரம் அம்மாகிட்ட, 'எனக்கு மூளை மழுங்கிடுச்சு'ன்னு அழாத குறையா சொன்னாரு. பாவமா இருந்துச்சு. அதான் இந்த வாரம் வேணும்னே தப்பா அமுக்கினேன்."

யூனிஸ் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். மகளுக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதியில் தயாளனுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"எத்தனை ஆட்டம்மா அப்படித் தோத்தே?" என்று மெல்லக் கேட்டார்.

"நீங்க ஜெயிச்ச அஞ்சும்தாம்பா."