பாகற்காய் ஹோம்வொர்க்

"இன்னிக்கு ரெண்டுல ஒன்னு பாத்துடுறேன் லா. அந்த டீச்சர் கிளாஸ் நடத்துறாங்களா, இல்ல என்னைக் கொல்லப் பாக்குறாங்களா?"

சனிக்கிழமை காலையிலேயே லோகேஸ்வரன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கத்தினார். மனைவி சாந்தினி சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிய சட்டியை மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் ஒரே பிள்ளை காமினியைக் குடியிருப்பின் பொது மண்டபமான பாலாய் ராயாவில் நடக்கும் சிறுவர் சமையல் வகுப்பில் சேர்த்ததால் வந்த வினை. பிள்ளைகள் தங்கள் கையால் சமைத்து, சத்தான சாப்பாட்டை ரசித்துச் சாப்பிடப் பழகுவார்கள் என்றார்கள். நல்ல விஷயம்தானே என்று சேர்த்துவிட்டார். ஹோம்வொர்க் தன் தட்டில் வந்து விழும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

முதலில் வந்தது பாகற்காய் போட்ட ஓட்ஸ் தோசை.

"நானும் அம்மாவும் சாப்பிட்டாச்சு. நீங்க சாப்பிட்டாத்தான்பா மார்க்கு. டீச்சர் சொன்னாங்க."

அடுத்த வாரம், ஒவ்வொரு வாயையும் ஏழாம் வாய்ப்பாடு முடியும்வரை மெல்ல வேண்டும் என்றாள். எதிரில் உட்கார்ந்து அவளே வாய்ப்பாடு சொன்னாள். அவசரப்பட்டு நாற்பத்தொன்பதிலேயே விழுங்கிவிட்டால், அடுத்த வாய்க்கு இரண்டு தடவை சொன்னாள்.

அதற்கடுத்து லிஃப்ட் போயிற்று.

"சாப்பிடுற ஆளு நல்ல பசியோட வரணுமாம்பா. இனிமே படிதான்."

அவர்கள் வீடு பதினோராவது மாடி. மாக் மண்டினில் ஃபேக்டரி வேலை முடிந்து, ஃபெரியில் தீவுக்கு வந்து, அத்தனை படியும் ஏறி முழி பிதுங்கி நிற்பவருக்கு வெண்டைக்காய் சூப் காத்திருந்தது. குடித்துவிட்டுப் போனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். வீடியோவில் சிரிக்காவிட்டால் மார்க் குறையுமாம்.

லோகேஸ்வரன் யாருக்கும் பயந்த ஆளில்லை. சூப்பர்வைசரிடமே மேசையைத் தட்டிப் பேசுவார். ரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டது, இனிப்பு நீர் என்று மாத்திரை நீட்டிய டாக்டரிடம், "எனக்கு ஒன்னும் இல்ல லா டாக்டர்" என்று சொல்லிவிட்டு நேராக நாசி கண்டார் கடைக்குக் கறிச்சோறு சாப்பிடப் போனவர். ஆனால் டீச்சர் என்றால் மட்டும் சட்டைப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். சிறு வயதில் வாங்கிய அடி அப்படி. போன வாரம்கூட அதே கடையில் வறுத்த கோழியைக் கையில் எடுத்தவர், "டீச்சர் கேப்பாங்கப்பா" என்று காமினி சொன்னது ஞாபகம் வந்து, அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

பாலாய் ராயாவில் பிள்ளைகள் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கண்ணே, உக்காருங்க" என்றார் டீச்சர் சித்தி ஹாஜரா.

இருந்ததெல்லாம் பிள்ளைகளின் பிளாஸ்டிக் நாற்காலிதான். லோகேஸ்வரன் அதில் தன்னைத் திணித்துக்கொண்டார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம் எங்கோ போய்விட்டது.

"டீச்சர், இந்த ஹோம்வொர்க்கைக் கொஞ்சம் கொறைச்சுக்கலாமா?"

"ஹோம்வொர்க்கா? நான் எதுவும் குடுக்குறதில்லையேண்ணே."

"பாகற்காய் தோசை?"

"நாங்க இன்னும் அடுப்பே பத்த வைக்கல. வெள்ளரிக்காய் சாண்ட்விச்சுலதான் நிக்கிறோம்."

"அப்ப லிஃப்ட்டு?"

"எந்த லிஃப்ட்டு?"

லோகேஸ்வரன் திரும்பினார். காமினி மேசை மேலிருந்த அன்னாசிப்பழத்துக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொள்ளப் பார்த்தாள்.

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை நாள் மென்றதெல்லாம் இவளுடைய விளையாட்டா? விருட்டென்று எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது.

"பையை எடு, வீட்டுக்குப் போலாம். இனிமே கிளாஸும் வேணாம், ஒன்னும் வேணாம்."

"நிறுத்திடாதீங்கண்ணே" என்று டீச்சர் குறுக்கே வந்தார். "கிளாஸ் முடிஞ்சதும் இந்தப் புள்ள மட்டும்தான் நின்னு கேக்கும். இனிப்பு நீர் உள்ளவங்க என்ன சாப்பிடணும், எப்படி மெல்லணும், எவ்வளவு நடக்கணும்னு. யாருக்கும்மான்னு நானும் ஒரு நாள் கேட்டேன்."

லோகேஸ்வரன் நாற்காலியோடு நின்றார்.

"'எங்க வீட்ல ஒரு பையன் இருக்கான் டீச்சர். டாக்டர் சொன்னாலும் கேக்க மாட்டான், அம்மா சொன்னாலும் கேக்க மாட்டான். டீச்சர் சொன்னாங்கன்னா மட்டும்தான் கேப்பான்'னு சொல்லுச்சு. சொல்லும்போதே கண்ணு கலங்கிடுச்சு, பாவம்."

அவர் மெதுவாக, வந்த நாற்காலியோடேயே உட்கார்ந்தார்.

"இப்ப எப்படிண்ணே இருக்கான், உங்க பையன்?"

லோகேஸ்வரன் அன்னாசிப்பழத்தைப் பார்த்தார். அதற்குப் பின்னாலிருந்து இரண்டு கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இப்ப பரவால்ல டீச்சர்" என்றார். "படியெல்லாம் நடந்தேதான் ஏறுறான்."